மாற்கின் மார்க் ஷீட்

 

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 13:13, அப்போஸ்தலர் 15:36-41, 2 தீமோத்தேயு 4:11. வேதப் புத்தகத்தைத் திறந்து இந்த மூன்று இடங்களையும் ஒருமுறை வாசித்துவிட்டு, பிறகு இந்தச் செய்திக்கு வாருங்கள். முக்கியமாக பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கிற வீட்டில், பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

தேவ பிள்ளையே, மூன்று இடங்களிலும் வருகிறவன் ஒரே வாலிபன்தான். மாற்கு என்னும் மறுபேர்கொண்ட யோவான். இவனுடைய ஆரம்பத்தைக் கவனியுங்கள். எருசலேமிலே அவன் தாயாருடைய வீட்டிலேதான் சபை கூடி ஜெபித்தது. பேதுரு சிறையிலிருந்து தூதனால் விடுவிக்கப்பட்டவுடனே நேராக எந்த வீட்டுக்குப் போனார்? இந்த வீட்டுக்குத்தான். ரோதை என்கிற வேலைக்காரப் பெண் சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடினாளே, அதே வீடு! ஜெபிக்கிற தாய், பர்னபாவைப் போன்ற உறவுக்காரர், அப்போஸ்தலர்கள் வந்து போகிற வாசல். நம் பாஷையில் சொன்னால் பத்தாம் வகுப்பில் 500-க்கு 470 எடுத்த பிள்ளை. எல்லாரும் தட்டிக்கொடுத்தார்கள். பவுலும் பர்னபாவும் அவனைக் கூட்டிக்கொண்டு முதலாம் மிஷனெரிப் பயணத்துக்குப் புறப்பட்டார்கள்.

ஆனால் பம்பிலியா நாட்டிலே பெர்கே பட்டணத்துக்கு வந்ததும் அவன் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டான். ஏன்? வேதம் காரணம் சொல்லவில்லை. பெர்கேயிலிருந்து மேலே போகிற வழி டாரஸ் மலைப் பாதை, அதைப் பார்த்துப் பயந்தான் என்று சிலர் பிரசங்கிக்கிறார்கள். காய்ச்சல் என்கிறார்கள் சிலர். அம்மா ஞாபகம் என்கிறார்கள் வேறு சிலர். (மலையைப் பார்த்துப் பயந்தான் என்பதை நம்ம ஊர் ஜனங்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். நமக்கெல்லாம் மேட்டுப்பாளையத்தில் இறங்கினால்தானே மூச்சு முட்டுகிறது!) காரணம் எதுவாக இருந்தாலும் ரெக்கார்டில் ஏறிவிட்டது. பிளஸ் ஒன்னில் கீழே விழுந்த பிள்ளை.

இப்படிப்பட்ட மார்க் ஷீட் நம் சபையில் எத்தனை வீட்டு பீரோவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷம் மேலே, ஒரு வருஷம் கீழே. ஒரு பாடத்தில் 92, அடுத்த பாடத்தில் 61. எஸ்டேட் லைனில் கொழுந்து பறித்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிற ஒரு சகோதரி ஜெபத்துக்கு வந்தார்கள். "பாஸ்டர், பத்தாவதுல ஸ்கூல் செகண்ட் வந்தவ. பதினொண்ணாவதுல இப்படி ஆயிட்டா. இந்த மார்க்க வச்சுக்கிட்டு பெரிய காலேஜுக்கெல்லாம் அப்ளிகேஷன் போடலாமா? போட்டா சிரிப்பாங்களா?" என்று கேட்டார்கள். சிரிப்பார்களா என்ற அந்தக் கேள்விதான் இந்தச் செய்தியை எழுத வைத்தது.

முதலாவது, விழுந்ததற்குக் காரணம் உண்டு என்பதைப் பெற்றோர் அறியவேண்டும். பத்தாம் வகுப்பு வரைக்கும் தமிழ் மீடியத்தில் நன்றாகப் படித்த பிள்ளை, பிளஸ் ஒன்னில் இங்கிலீஷ் மீடியம் ஃபர்ஸ்ட் குரூப்பில் போய் உட்காருகிறது. ஜூன், ஜூலையில் மழை பிடித்துக்கொண்டால் பந்தலூர், தேவாலா பக்கம் ஸ்கூலுக்குப் போவதே போராட்டம். காலையில் ஒரு பஸ், அதை விட்டால் அந்த நாள் போச்சு. பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்த வருஷத்தில் வீட்டிலே நடக்கிற சண்டையும் பிள்ளையின் காதில்தான் விழுகிறது. "ஒழுங்கா படிக்கல" என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் முடித்துவிடாதீர்கள் ஐயா! பிள்ளை செல்போனிலேயே கிடந்ததால் மார்க் குறைந்தது என்றால் அது வேறு விஷயம், அதையும் ஒளிக்கவேண்டாம். ஆனால் எது என்று தெரியாமல் அடிக்காதீர்கள்.

இப்பொழுது 15-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். இரண்டாம் பயணம். பர்னபா மாற்கைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்கிறார். பவுல் முடியவே முடியாது என்கிறார். நம்மில் அநேகர் இங்கே பவுலைக் குறைசொல்லிப் பிரசங்கிக்கிறோம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பவுலிடம் ஒரு கட்-ஆஃப் இருந்தது. வேலை கடினமான வேலை, அடி உதை உண்டு, சிறை உண்டு. பாதியில் விட்டுப் போன அனுபவம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. போன வருஷத்து ரெக்கார்டைப் பார்த்து இந்த வருஷத்துக்கு ஆள் எடுக்கிறவர், இருக்கிற ரெக்கார்டைத்தானே பார்ப்பார்? கிண்டி இன்ஜினியரிங் காலேஜும் அப்படித்தான். 1794-ல் சர்வே ஸ்கூலாக ஆரம்பித்த அந்தக் கல்லூரியில் இடம் கொஞ்சம், கேட்கிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு நம் பிள்ளையின் கண்ணீர் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். அவர்கள்மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. அந்த எண் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்வதே ஞானம்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம் பெற்றோரில் பாதிப்பேருக்கு இது தெரிவதில்லை. இன்ஜினியரிங் கலந்தாய்வுக்குக் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்தில் வாங்கின மார்க் 100-க்கு அப்படியே. இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி, 50-க்கும் 50-க்கும். ஒரு பிள்ளை கணிதம் 61, இயற்பியல் 92, வேதியியல் 88 என்று வைத்துக்கொள்ளுங்கள். 61, 46, 44 சேர்த்தால் 151. இன்னொரு பிள்ளை கணிதம் 92, இயற்பியல் 61, வேதியியல் 88. அப்போது 92, முப்பதரை, 44 சேர்த்தால் 166.5. இரண்டு பேருக்கும் மொத்தம் 241 மார்க்தான்! ஆனால் கட்-ஆஃபில் பதினைந்தரை வித்தியாசம். அரை மார்க்கில் நூற்றுக்கணக்கான பேர் நிற்கிற இடத்தில் பதினைந்தரை என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். ஒரே கட்-ஆஃபில் பலபேர் வந்தாலும் முதலில் கணித மார்க்கைப் பார்த்து, அதற்குப் பிறகு இயற்பியலைப் பார்த்துத்தான் வரிசைப்படுத்துகிறார்கள்.

ஆகவே கணிதத்தில் விழுந்து இயற்பியலில் எழுந்த பிள்ளை, இந்தத் தராசில் குறைவாக நிறுக்கப்படும். ஆனால் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலுக்கு விண்ணப்பித்தால் தராசே வேறு. அங்கே நான்கு பாடங்களையும் சேர்த்து 400-க்குப் பார்க்கிறார்கள். தமிழ் இலக்கியமோ ஆங்கில இலக்கியமோ என்றால் மொழிப் பாடத்தின் மார்க்கையே பார்க்கிறார்கள். கட்டடக்கலை படிக்க விரும்பினால் பிளஸ் டூ மார்க் பாதி, நாட்டா என்கிற தேர்வு பாதி. திருவாரூரில் இருக்கிற மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2022 முதல் சி.யு.இ.டி. என்கிற பொது நுழைவுத் தேர்வு வந்திருக்கிறது, தரவரிசை அந்தத் தேர்வின் மார்க்கை வைத்தே. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் தேர்வு. பிளஸ் டூவில் 45 சதவீதம் இருந்தால் எழுதலாம், பட்டியல் இனத்தாருக்கு 40. மெட்ராஸ் ஐ.ஐ.டி. 2020-ல் ஆரம்பித்த டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. எழுதவேண்டியதில்லை. நான்கு வாரம் அவர்கள் கொடுக்கிற பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வு எழுதி உள்ளே போகலாம், வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. கூடலூரில் வீட்டில் இருந்துகொண்டே படிக்கலாம், நெட்வொர்க் கிடைத்தால்! அதற்கும் ஜெபியுங்கள்.

பிளஸ் ஒன் மார்க்கைக் குறித்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தபோது இரண்டு வருஷத்து மார்க்கையும் கூட்டுவார்கள் என்றிருந்தது. அதே வருஷத்திலேயே அதை மாற்றி, மேற்படிப்புக்கு பிளஸ் டூ மார்க் மாத்திரம் போதும் என்று அரசு சொல்லிவிட்டது. 2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வே இல்லை. அந்தச் சகோதரியின் மகள் பிளஸ் ஒன்னில் விழுந்து பிளஸ் டூவில் எழுந்தவள். இன்ஜினியரிங் கலந்தாய்வில் அவள் விழுந்த வருஷத்தை யாரும் திருப்பிப் பார்க்கப்போவதில்லை. இதைச் சொன்னபோது அந்தத் தாய் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்கவேண்டுமே! ஒரு வருஷமாக அழுதுகொண்டு இருந்திருக்கிறார்கள். அழுத கண்ணீரில் பாதி, தகவல் தெரியாததால் அழுதது.

எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை என்பதும் உண்மை. 2021-ஆம் வருஷம் கொரோனாவினால் பிளஸ் டூ தேர்வு ரத்தானது. அந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு எப்படி மார்க் போட்டார்கள்? பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பதினொன்றிலிருந்து 20 சதவீதம், பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம். ஜூலை 19-ல் ரிசல்ட் வந்தது. பத்தாம் வகுப்பில் நன்றாக எழுதி பின்பு தளர்ந்தவர்கள் தப்பினார்கள். பத்தில் விளையாட்டுத்தனமாக இருந்து, பிளஸ் டூவில் தலைகீழாக நின்று படித்தவர்களுக்கோ அந்த உழைப்பைக் காட்ட பேப்பரே கிடைக்கவில்லை. பழைய வருஷம் திரும்பி வந்து அவர்களைப் பிடித்தது. "ஆல் பாஸ் பேட்ச்" என்று ஊரார் கேலி வேறு. இன்று அவர்களில் அநேகர் பட்டம் வாங்கி வேலைக்கும் போய்விட்டார்கள். அந்தக் கேலியைச் செய்தவர்களில் நம் விசுவாசிகளும் உண்டு, மன்னிப்புக் கேட்டால் நல்லது.

தராசுகள் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. நான் பிளஸ் டூ எழுதின காலத்தில் மொத்தம் 1200. அதற்கு மேலே 1984-ல் வந்த நுழைவுத் தேர்வு, கட்-ஆஃப் 300-க்கு. நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி வேண்டும் என்றால் கோயம்புத்தூருக்குப் போய்த் தங்கவேண்டும், எஸ்டேட் பிள்ளைகளுக்கு அது எட்டாத கனி. 2007-ல் அந்தத் தேர்வு போயிற்று. பத்து வருஷத்தில் மருத்துவத்துக்கு நீட் வந்தது. மனுஷருடைய அளவுகோல் இப்படி வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. பிள்ளையை உண்டாக்கின தேவனுக்கு அவனைப் பற்றின நினைவு மாறுகிறதா? சாமுவேல் தீர்க்கதரிசியே எலியாபின் உயரத்தைப் பார்த்து இவன்தான் என்று நினைத்துவிட்டாரே! ஆடு மேய்க்கிறவனை வீட்டார் லிஸ்டிலேயே சேர்க்கவில்லை. அல்லேலூயா!

மறுபடியும் மாற்குக்கு வருவோம். பவுல் சேர்த்துக்கொள்ளவில்லை. பர்னபா என்ன செய்தார்? பவுலோடே சண்டை போட்டுக்கொண்டு அங்கேயே நிற்கவில்லை. மாற்கைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறி சீப்புரு தீவுக்குப் போனார். சீப்புரு எது? பர்னபாவின் சொந்த ஊர். தெரிந்த ஜனம், தெரிந்த பாதை. பவுலின் பயணத்தைப் போல அது பேர் வாங்கவில்லை. அப்போஸ்தலர் நடபடிகளும் அதற்குப் பிறகு பவுலைப் பின்தொடர்ந்து போய்விடுகிறது, சீப்புருவில் நடந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த எழுதப்படாத வருஷங்களில்தான் மாற்கு உருவானான் என்று நான் விசுவாசிக்கிறேன்.

நம் பிள்ளைகளுக்கும் ஒரு சீப்புரு உண்டு. ஊட்டியில் அரசு கலைக் கல்லூரி 1955 முதல் இருக்கிறது. கூடலூரில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. குன்னூரில் பெண்களுக்கு பிராவிடன்ஸ் கல்லூரி, கேத்தியில் சி.எஸ்.ஐ. பொறியியல் கல்லூரி. ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் 150 இடங்களோடு வந்துவிட்டது, 2022 ஜனவரியில் திறந்து வைத்தார்கள். பெரிய இடத்துக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள். நான் தடுக்கவில்லை, பயந்து போடாமல் இருப்பது தாழ்மை அல்ல. ஆனால் அதோடுகூட வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அப்ளிகேஷனும் போட்டு வையுங்கள். மூன்று வருஷம் இங்கே ஒழுங்காகப் படித்து, முதுகலைக்குப் பெரிய பல்கலைக்கழகத்தின் வாசலுக்குப் போனால், அங்கே அவர்கள் பட்டப்படிப்பையும் தங்கள் நுழைவுத் தேர்வையும்தான் பார்ப்பார்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கவனியுங்கள், அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வந்தவுடனே "பெரிய ஸ்கூல்ல சேர்த்தா இன்னும் நல்லா வருவான்" என்று கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறீர்களே, மாற்றுவதற்கு முன்னே இதை யோசியுங்கள். வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளைக்கு 2010 முதல் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை உண்டு, தாசில்தார் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கவேண்டும். அண்ணன் ஏற்கெனவே பட்டதாரி என்றால் தம்பிக்குக் கிடைக்காது. பொய் சொல்லாதீர்கள்.

பொய் என்றதும் இன்னொன்றையும் எழுதியே ஆகவேண்டும். இதை எழுதுவதால் சிலருக்கு வருத்தம் வரலாம். நம்மில் அநேகருடைய முன்னோர் ஆதிதிராவிட ஜனங்கள். சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 1964-ல் ஆனபின் இலங்கையிலிருந்து வந்து, டான்டீ தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்களும் அதில் உண்டு. 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தார் மாத்திரமே பட்டியல் சாதியில் வருவார்கள். கிறிஸ்தவனாக மாறினால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் வரிசைக்குப் போகவேண்டும். இந்தச் சட்டம் நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை என்றுதான் நான் சொல்லுவேன். ஞானஸ்நானம் எடுத்ததினால் லைன் வீடு பங்களாவாக மாறிவிட்டதா? ஆனால் சட்டம் அப்படி இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலே கையை உயர்த்திவிட்டு, திங்கட்கிழமை தாலுகா ஆபீசிலே நான் அவரை அறியேன் என்று எழுதிக் கொடுக்கலாமா? 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் இப்படிப்பட்ட ஒரு வழக்கிலே கடுமையாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தானியேலைப் பாருங்கள். பாபிலோன் அரண்மனைக் கல்லூரியிலே மூன்று வருஷப் படிப்பு, கல்தேயருடைய பாஷை, எழுத்து, கடைசியில் ராஜாவே நடத்துகிற வைவா. எல்லாவற்றுக்கும் தானியேல் உட்பட்டான், பேரை மாற்றினதற்குக்கூட வழக்குப் போடவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கோடு போட்டான், அதையும் படிப்பு தொடங்கும் முன்னமே இருதயத்தில் தீர்மானம் பண்ணிவிட்டான். சீட் கிடைத்த பிறகு தீர்மானம் பண்ணலாம் என்றிருப்பவர்களால் பண்ண முடியாது.

அதேபோல டொனேஷன் புரோக்கர்கள். "இந்த மார்க்குக்கு நான் வாங்கித் தரேன்" என்று மலை ஏறி வருகிறவனிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள். மார்க் குறைந்த பிள்ளையின் வீட்டு விலாசம் எப்படித்தான் அவனுக்குத் தெரிகிறதோ!

தீர்க்கதரிசனத்தைக் குறித்தும் சொல்லுகிறேன். "உன் மகள் டாக்டர் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்று மேடையிலே சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிள்ளை உயிரியலில் 58 எடுக்கிறாள். பிறகு என்ன? அந்தப் பிள்ளை தன் மார்க்கை இழந்ததோடு தன் விசுவாசத்தையும் இழக்கிறாள், தேவனையே தோற்கடித்துவிட்டோம் என்று நினைக்கிறாள். தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணக்கூடாது என்று எழுதின பவுல், அடுத்த வரியிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவும் எழுதியிருக்கிறார். சோதித்துப் பாருங்கள். பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள், அவளுக்கு என்ன படிக்கப் பிரியம் என்று.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை இந்தத் தமிழ்நாடு மறக்காது. பிளஸ் டூவில் 1200-க்கு 1176. மருத்துவக் கட்-ஆஃப் 200-க்கு 196.75. பழைய தராசில் அந்தப் பிள்ளைக்கு இடம் நிச்சயம். 2017-ல் தராசு மாறிற்று. நீட்டில் 720-க்கு 86. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாள், வழி திறக்கவில்லை. செப்டம்பர் 1-ஆம் தேதி அந்தப் பிள்ளை நம்மைவிட்டுப் போய்விட்டாள். சுமை தூக்கும் தொழிலாளியின் மகள். அதைக் குறித்து அரசியல் பேசுகிறவர்கள் பேசட்டும். நான் தகப்பன்மாரையும் தாய்மாரையும் கேட்கிறேன், ரிசல்ட் வந்த அன்று ராத்திரி உங்கள் பிள்ளை எங்கே இருக்கிறது, என்ன யோசிக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்றார். கர்மேல் மலையிலே அக்கினி இறக்கின மனுஷன்! நூற்றுக்கு நூறு எடுத்த அடுத்த நாளே சைபர். தேவன் அவருக்குப் பிரசங்கம் பண்ணினாரா? "உன் விசுவாசம் எங்கே" என்று திட்டினாரா? இல்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டார். மறுபடியும் சாப்பாடு. பேச்செல்லாம் நாற்பது நாளைக்குப் பிறகுதான். ஆகையால் ரிசல்ட் அன்று பிள்ளைக்குச் சோறு போடுங்கள், தனியாக விடாதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைச் சொல்லாதீர்கள். பேச்சிலே ஏதாவது விபரீதம் தெரிந்தால் ராத்திரி எந்நேரமானாலும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். 104 என்கிற எண்ணிலும், 14416 என்கிற எண்ணிலும் ஆலோசனை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜெபிக்கிறவன் போன் பண்ணக்கூடாது என்று எந்த வசனமும் இல்லை.

தம்பி, தங்கச்சி, இப்போது உங்களோடு பேசுகிறேன். சில பல்கலைக்கழகங்கள் நேர்காணல் வைக்கின்றன, சில விண்ணப்பத்தில் உங்களைப் பற்றி எழுதச் சொல்லுகின்றன. அங்கே மார்க் ஷீட்டைப் பார்த்தவுடனே "இந்த வருஷம் என்ன ஆச்சு?" என்ற கேள்வி கட்டாயம் வரும். தலையைக் குனியவேண்டாம், கதையும் கட்டவேண்டாம். பவுல் எருசலேமில் படிக்கட்டின்மேல் நின்று ஜனங்களிடம் தன்னைப் பற்றிச் சொன்னதை அப்போஸ்தலர் 22-ல் வாசியுங்கள். எந்த ஊரில் பிறந்தேன், கமாலியேலிடம் படித்தேன், சபையைத் துன்பப்படுத்தினேன், வழியில் இப்படி நடந்தது. நல்லதையும் கெட்டதையும் ஒரே குரலில் சொல்லுகிறார். நீங்களும் அப்படியே நாலு வரியில் சொல்லுங்கள். பதினொன்றாம் வகுப்பில் மீடியம் மாறினேன், முதல் பரீட்சையில் கணிதத்தில் 38. தினமும் விடியற்காலையில் எழுந்து பழைய கணக்குகளைத் திரும்பப் போட்டேன். பிளஸ் டூவில் 81. இவ்வளவு போதும். வீட்டுக் கஷ்டத்தை ஒரு வரியில் சொல்லுங்கள், ஒரு பக்கம் எழுதாதீர்கள். நீங்கள் விழுந்ததைவிட எழுந்ததைத்தான் அவர்கள் கேட்க விரும்புகிறார்கள். 38-ஐ 45 என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மார்க்கில் சந்தேகம் இருந்தால் சும்மா அழுதுகொண்டிராமல் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகலைப் பார்த்தபின் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். கொடுக்கிற நாட்கள் மிகவும் கொஞ்சம், பள்ளியில் விசாரித்துவிட்டு உடனே போங்கள். ஒரு பாடத்தில் தவறினவர்களுக்குத் துணைத் தேர்வு ஜூன், ஜூலையிலேயே வந்துவிடும். அதில் தேறினவர்களுக்கு இன்ஜினியரிங்கில் துணைக் கலந்தாய்வும் நடக்கிறது. வருஷம் வீணாகாது.

மாற்குக்கு என்ன ஆயிற்று? கொலோசெயர் 4:10-ல் பவுலே அவனை ஏற்றுக்கொள்ளும்படி சபைக்கு எழுதுகிறார். பிலேமோனில் உடன்வேலையாட்கள் வரிசையில் அவன் பேர் இருக்கிறது. பேதுரு தன் நிருபத்தின் கடைசியில் அவனைத் தன் குமாரன் என்கிறார். கடைசியாக ரோமாபுரி சிறையிலிருந்து, மரணத்தைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு, தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பவுல் கேட்கிறது யாரை? மாற்கைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்கு உபயோகமுள்ளவன் என்கிறார். பெர்கேயிலிருந்து அந்த நிருபம் வரைக்கும் பதினைந்து வருஷத்துக்கு மேல் என்பது வேத பண்டிதர்கள் கணக்கு. வேண்டாம் என்று சொன்ன அதே வாய்! இதற்குள் பெர்கே அழிந்துபோகவில்லை, அப்போஸ்தலர் 13:13 இன்னும் அங்கேயேதான் எழுதியிருக்கிறது. லூக்கா அதை அழிக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அந்த மார்க் ஷீட்டை வைத்துக்கொண்டுதான் மாற்கு சுவிசேஷத்தை எழுதினான்.

அந்தச் சகோதரியின் மகள் நான்கு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். இரண்டு பெரியவை, ஒன்று கோயம்புத்தூரில், ஒன்று ஊட்டியில். இன்னும் பதில் வரவில்லை, ஜெபத்தில் தாங்குங்கள்.

வருகிற சனிக்கிழமை மாலை 4 மணிக்கு சபைக் கூடத்தில் மாணவர்களுக்கான விசேஷ ஜெபம் நடக்கும். ஜெபம் முடிந்தவுடனே நம் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் இரண்டு லேப்டாப்போடு இருப்பார்கள், விண்ணப்பம் போட உதவி செய்வார்கள், காசு எதுவும் இல்லை. பத்து, பிளஸ் டூ மார்க் ஷீட், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், ஒரு போட்டோ கொண்டுவாருங்கள். ஓ.டி.பி. வருகிற போனை அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழையாக இருந்தால் சான்றிதழ்களை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வரவும்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்